காது மூடிய கப்பல்

ரெக்ஸ்லின் உள் தொலைபேசியில் “பேசட்டாடே மக்கா?” என்று கேட்டான், நான் “பேசு” என்றேன், என் மேசையில் ஆரஞ்சு விளக்கு எரிந்தது. மணி பத்து நாற்பது. இனி மூன்று நிமிடத்துக்கு இந்தப் போர்க்கப்பலுக்குக் காது கிடையாது. “ஷட் சார்” என்று முதுகுக்குப் பின்னால் உயரமான நாற்காலியில் இருக்கும் தத்தா சாருக்குக் கேட்கும்படி சொன்னேன், அவர் “ம்” என்றார். அவ்வளவுதான் சடங்கு. அவன் வீட்டுக்குப் போனில் பேசி முடித்ததும் “ஓப்பன் சார்” என்பேன், அதற்கும் ஒரு “ம்”. எட்டு நாளாக, ஒரு ட்யூட்டிக்கு எட்டுப் பேர், பத்துப் பேர் என்று இதையே சொல்லிச் சொல்லி வாய்க்கு மனப்பாடம் ஆகிவிட்டது, மனசு கூட இருக்கவேண்டிய அவசியமே இல்லை. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். இந்த அறைக்கு ஜன்னல் இல்லை, பகலிலும் நீல இருட்டு, ஏசி குளிர் எலும்பு வரைக்கும் போகிறது, ஆனாலும் கழுத்தில் சுற்றிய வெள்ளை முக்காட்டுத் துணி வியர்வையில் ஊறிக் கிடக்கிறது. தீ பாய்ந்தால் முகம் வேகாமல் இருக்க அந்தத் துணி. கைக்கும் வெள்ளை உறை உண்டு. வெந்தபிறகு ஆளை அடையாளம் கண்டுபிடிக்கக் கொடுத்திருக்கிறார்கள் என்பான் ரெக்ஸ்லின். கப்பலில் சமையல்காரன் அவன், வேகிற விஷயம் அவனுக்குத் தெரியும். பத்து நாற்பத்தொன்று.

கடல்மேல் வருகிற ஏவுகணை தண்ணீரிலிருந்து இரண்டு ஆள் உயரத்தில், அலையை உரசுகிற மாதிரி வரும். பூமியின் வளைவுக்குப் பின்னால் இருக்கும்வரை நம் ராடாருக்குத் தெரியாது. கடைசியில்தான் அது கண்ணைத் திறக்கும், எங்கே கப்பல் என்று தேடும். அந்தக் கண் வீசுகிற அலை என் மேசைப் பெட்டிக்குக் கேட்கும், அதுதான் கப்பலின் காது, திரையில் ஒரு கோடு எழும்பும், காதில் ரீங்காரம். அதிலிருந்து ஒரு நிமிடம். வேகமான சாதி என்றால் அரை நிமிடம். அதற்குள் நான் கத்த வேண்டும், சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும், வானத்தில் அலுமினியத் துணுக்குகள் வெடித்துப் பரவ வேண்டும், அதுதான் கப்பல் என்று ஏவுகணை ஏமாற வேண்டும். ஏமாறினால் உண்டு. இல்லாவிட்டால் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். இதில் என்ன கூத்து என்றால், கொடிமரத்தில் என் பெட்டியின் ஆண்டெனாவும் செயற்கைக்கோள் போனின் ஆண்டெனாவும் பக்கத்துப் பக்கத்து வீடு. கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கிக்குக் கீழே படுத்துக்கொண்டு கொசு வருகிறதா என்று கேட்க முடியுமா? அதனால் போன் பேசும்போது என் பெட்டி தானாகக் காதை மூடிக்கொள்ளும். யாரோ பெரிய படிப்புப் படித்தவர்கள் கட்டிய கப்பல். முன்னெல்லாம் வீட்டுக்குப் பேசக் கூடாது என்றுதான் இருந்தது. ஒன்பது நாளைக்கு முன்னால் இதே கடலில் வேறொரு நாட்டுக் கப்பல் அடிபட்டது, அது எரிகிற வீடியோ டிவியில் வந்தது, எங்கள் வீடுகளில் ஒப்பாரி கிளம்பிவிட்டது. ஆளுக்கு மூன்று நிமிடம், காது மேசைக்காரன் அனுமதி கொடுத்தால், என்று கேப்டன் இறங்கி வந்தார். நல்ல மனுஷன். நுணலும் தன் வாயால் கெடும் என்று அவருக்கு யார் சொல்வது? இங்கே இருக்கிறேன், இங்கே இருக்கிறேன் என்று ஒவ்வொரு தடவையும் வானத்தைப் பார்த்துக் கத்துகிற கப்பல் இது, அதுவும் செவிடாக இருந்துகொண்டு.

அந்த வீடியோவை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று சொன்னால் வெட்கம். சாம்பல் நிறம், எங்கள் கப்பல் மாதிரியே மூக்கு. முதலில் ஒன்றுமே ஆகாது, ஒருத்தன் துணி காயப்போட்ட கயிற்றுக்குப் பக்கத்தில் நிற்பான், அப்புறம் நடுவில் ஒரு வெளிச்சம், அப்புறம் கறுப்புப் புகை. பெரிய சத்தம் இல்லை, போனில் எடுத்ததல்லவா. வெடித்ததில் செத்தவர்கள் கொஞ்சம், புகையில் செத்தவர்கள்தான் அதிகம் என்றார்கள். ஏவுகணை வயிற்றில் மிச்சமிருந்த எரிபொருள், சுவரெல்லாம் ஓடுகிற ஒயர், ஸ்பாஞ்சு மெத்தை, எல்லாம் எரியும். தீப்பயிற்சியில் எங்களைப் புகை அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார்கள், சுவரைத் தடவிக்கொண்டே போய் மறுபக்கக் கதவைக் கண்டுபிடிக்க வேண்டும். நான் ஒரே மூலையை மூன்று தடவை சுற்றினேன். கதவு என் கைக்கு ஒரு முழம் தள்ளி இருந்ததாம், அப்புறம் சொல்லிச் சிரித்தார்கள். எங்கள் குடியாத்தம் பக்கம் வீட்டுக்கு ஒருத்தன் ராணுவத்துக்குப் போவான். நான் மட்டும் புத்திசாலி மாதிரி கடற்படைக்கு வந்தேன். தரையில் என்றால் குண்டு மேலே படும், கப்பலில் என்றால் இரும்புக்குள் இருக்கலாம் என்று கணக்கு. இரும்பு! அந்தக் காலத்துக் கப்பலுக்கு ஒரு முழக் கனத்தில் இரும்பு இருந்ததாம். இதற்கு என் சுண்டுவிரல் கனம்கூட இல்லை. வேகம் வேண்டும், எடை ஆகாது, எதிரி வருவதற்கு முன்னாலேயே கேட்டுவிடுவோம், பிறகெதற்கு இரும்பு என்று விட்டுவிட்டார்கள். ஆக, இந்தக் கப்பலின் கவசம் நான்தான், குடியாத்தம் தணிகைவேல், இந்தத் துணி முக்காடு.

பத்து நாற்பத்திரண்டு, ஐம்பது வினாடி. உள் தொலைபேசி கிர்ரென்றது. “டே மக்கா, அம்ம இப்பந்தாண்டே அழுகைய நிப்பாட்டுனா. இன்னும் ஒரு வார்த்த பேசல்ல. கொஞ்சம் கூட்டித் தாடே, கேட்டியா.” இன்னொரு காதில் அவன் வைத்திருக்கும் போனில் ஒரு பெண்குரல் விம்முவது எனக்கே கேட்டது, அரபிக்கடலைத் தாண்டி வானத்துக்குப் போய்த் திரும்பி வந்த விம்மல். “சரி, சீக்கிரம் முடிப்பா” என்றேன். வேறு என்ன சொல்வது? அந்தம்மா கதை எனக்குத் தெரியும். ரெக்ஸ்லின் தம்பி டெனிஸ் மீன்பிடிக்கப் போய்ப் புயலில் மாட்டினான். அந்த வாரம் மூன்று தடவை போன் வந்ததாம், உன் மகன் வடக்கே கரை ஏறிவிட்டான், தீவில் ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்று. ஒரு போனில் டெனிஸே பேசினான், ‘எம்மோ, நான் வந்திருவேன்’ என்று. அந்தம்மா மீன் வாங்கிக் குழம்பு வைத்துக் காத்திருந்தாள். அவன் வரவில்லை. பேசினது டெனிஸ் இல்லை, ஆறுதலுக்காக வேறு யாரோ பேசியது என்று அப்புறம் தெரிந்ததாம். அதிலிருந்து போனில் வருகிற எந்தக் குரலையும் நம்பமாட்டாள். போன வாரம் ரெக்ஸ்லின் பேசினபோது, நீ எம்புள்ள இல்ல, எம்புள்ள எரிஞ்சு போனான் என்று மகளிடம் போனைக் கொடுத்துவிட்டாள். ஒன்பது நாளாகச் சோறு தொடவில்லை, பால் இல்லாத வெறும் கட்டன் சாயா. அந்தம்மா அழுது முடிக்கவே மூன்று நிமிடம் ஆகும் என்று கேப்டனுக்கு எப்படித் தெரியும்.

பத்து நாற்பத்து மூன்று. “ஓப்பன் சார்.” யார் சொன்னது? யார் சொன்னது அது? நான்தான். வினாடி முள் பன்னிரண்டைத் தொட்டது, வாய் சொல்லிவிட்டது. தத்தா சார் “ம்” என்றார். ஆரஞ்சு விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கிறது, என் முட்டிக்கு நேரே, அவர் நாற்காலியிலிருந்து பார்த்தால் தெரியாது. திரும்பு, இப்போதே திரும்பு, ‘சாரி சார், இன்னும் ஷட்தான்’ என்று சொல், ஒரு வினாடி வேலை. சொன்னால் ஏன் இன்னும் பேசுகிறான் என்பார், நான் அனுமதி கொடுத்தேன் என்பேன், மூன்று நிமிடம்தானே சட்டம் என்பார், போனைப் பிடுங்கச் சொல்வார், அந்தம்மா இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. இதோ முடித்துவிடுவான். அரை நிமிடத்தில் முடித்துவிடுவான், அப்போது நான் சொன்னது உண்மையாகிவிடும், கொஞ்சம் முன்கூட்டிச் சொன்ன உண்மை, அவ்வளவுதான். அப்போதுதான் தத்தா சார் கேட்டார், “வேலு, கிளியரா?” நான் திரையைப் பார்த்தேன். ஒரு கோடு இல்லை, ஒரு புள்ளி இல்லை, துடைத்துவைத்த தட்டு மாதிரி இருந்தது. “கிளியர் சார்” என்றேன்.

காது மூடின திரையும் எதிரி இல்லாத கடலும் ஒரே மாதிரிதான் இருக்கும். இது எனக்குத் தெரியும், பயிற்சியில் முதல் நாளே சொன்னார்கள், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். ஆனால் இன்றைக்குத்தான் உறைக்கிறது. என் அப்பா விசைத்தறியில் இருபத்தாறு வருஷம் லுங்கி நெய்து காதைத் தொலைத்தவர். காது கேட்கவில்லை என்று ஒருநாளும் ஒப்புக்கொள்ளமாட்டார். எதைக் கேட்டாலும் “ஆமா ஆமா” என்று தலையாட்டுவார், சிரிப்பார். மருந்து சாப்பிட்டாயா, ஆமா. கேஸ் அடுப்பை அணைத்தாயா, ஆமா. கேட்கவில்லை என்று சொல்ல அத்தனை வெட்கம். ஒருநாள் பஸ் ஸ்டாண்டு எதிரில் ரோட்டைத் தாண்டினார், பின்னால் பஸ்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே வருகிறான், ஊரே திரும்பிப் பார்க்கிறது, அவர் ஒருத்தர்தான் நிதானமாக நடக்கிறார், முகத்தில் ஒரு கவலை இல்லை. நான் இந்தப் பக்கம் நின்று கத்துகிறேன். அந்த நடை, அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. கால் எலும்போடு போயிற்று, உயிர் தப்பியது. இப்போது கப்பல் அப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறது, மணிக்குப் பதினாறு கடல் மைல் வேகத்தில், பின்னால் மூன்று சரக்குக் கப்பல்களைக் கூட்டிக்கொண்டு, இடதுபக்கம் எதிரிகள் ஏவுகணை விடுகிற அந்தக் கரை. பத்து நாற்பத்து நான்கு, இருபது வினாடி.

தத்தா சார் கேப்டனோடு உள் தொலைபேசியில் பேசினார், சிரித்தார்கூட. அப்புறம் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. அடுத்த அரைமணி நேரத்துக்குக் கீழ்த்தளக் கதவுகளைத் திறந்துகொள்ளலாம், காற்று வரட்டும், சாப்பாட்டுக்கு ஆட்கள் போகலாம். நான் கிளியர் என்று சொன்னதால். ஐயோ. இரும்புக் கதவுகளின் கைப்பிடிகள் ஒவ்வொன்றாகத் திரும்புகிற சத்தம் தரை வழியாக என் காலுக்கு வந்தது, டக், டக், டக். காலையிலிருந்து அடைத்த கதவுக்குள் புழுங்கிக் கிடந்தவர்கள் ஹோவென்று சந்தோஷப்பட்டிருப்பார்கள், முக்காட்டைக் கழற்றியிருப்பார்கள், தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். ஒரு கதவு மூடியிருந்தால் புகை ஒரு அறையோடு நிற்கும். எல்லாம் திறந்திருந்தால் முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் ஒரே புகைக்கூண்டு. போனை வெட்டலாம். என் கையருகிலேயே திருகு இருக்கிறது, திருகினால் போன் செத்துவிடும், காது திறந்துவிடும். கையை அதன்மேல் வைத்தேன். வெட்டினால் அங்கே என்ன ஆகும்? மகன் பேசிக்கொண்டிருக்கும்போதே பாதியில் குரல் அறுந்தால் அந்தம்மா என்ன நினைப்பாள்? கப்பல் அடிபட்ட நேரம் இதுதான் என்று குறித்துக்கொள்வாள். அப்புறம் யார் போய்ச் சொன்னாலும் நம்பமாட்டாள், பங்குச் சாமியாரே போய்ச் சொன்னாலும். வெட்டாவிட்டால்? ஏவுகணை கண்ணைத் திறந்து எத்தனை வினாடி ஆகிறது? இப்போது திறந்திருக்கும். இல்லை, இப்போது. நாற்பது, முப்பத்தொன்பது, முப்பத்தெட்டு, நானே எண்ண ஆரம்பித்தேன். பூஜ்யம் வந்தது, ஒன்றும் ஆகவில்லை, மறுபடி அறுபதிலிருந்து எண்ணினேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இங்கே இருட்டு அல்ல, வெறும் சுத்தமான திரை, அதைப் பார்த்தே எனக்கு மூச்சு வாங்குகிறது. பக்கத்து மேசை ஹரியானாக்காரன் என்னைப் பார்த்து, ‘என்ன, வயிறு சரியில்லையா’ என்று சைகையில் கேட்டான். ஆமா ஆமா என்று தலையாட்டினேன்.

பத்து நாற்பத்தாறு. திருகின்மேல் கை, கை மேல் கண், எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. ரெக்ஸ்லின்மேல் கோபம் கோபமாக வந்தது. என்னடா பேசுகிறாய் இவ்வளவு நேரம், உன் அம்மா ஒருத்திக்குத்தான் பிள்ளையா, இங்கே இருநூற்றுப் பன்னிரண்டு அம்மா. உடனே அவன் எனக்கென்று தனியாக எடுத்துவைக்கிற ரசம் ஞாபகம் வந்து அந்தக் கோபமும் உருப்படாமல் போயிற்று. அவன் டெனிஸ் கதையைச் சொல்லும்போது வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான், அதனால் அழுதானா இல்லையா என்று தெரியவில்லை. பத்து நாற்பத்தேழு. தத்தா சார் எழுந்து வந்தால் விளக்கைப் பார்த்துவிடுவார், முட்டியை நகர்த்தி மறைத்தேன். முட்டியால் ஒரு கப்பலின் செவிட்டை மறைக்கிறவன் நான். அடிபட்டுச் செத்தால்கூடப் பரவாயில்லை, விசாரணையில் என் குரல் பதிவை ஓட்டுவார்கள், ‘கிளியர் சார்’, மறுபடி ஓட்டுவார்கள், ‘கிளியர் சார்’. செத்தபிறகும் நான் அதையே சொல்லிக்கொண்டிருப்பேன். திருகை அழுத்திப் பிடித்தேன், இதோ, மூன்று எண்ணித் திருகிவிடுகிறேன், ஒன்று, இரண்டு, விளக்கு தானாக அணைந்தது.

அணைந்ததும் காது உடனே திறந்துவிடாது, பெட்டி தன்னைச் சரிசெய்துகொள்ள இரண்டு வினாடி. அந்த இரண்டு வினாடிதான் என் ஆயுளிலேயே நீளமானது. அப்புறம் திரையில் ஒரு கோடு எழும்பியது. ரீங்காரம். எனக்கு உடம்பு முழுக்க ரத்தம் வற்றி, வாய் திறந்து, கை சிவப்புப் பொத்தானுக்குப் போய், இல்லை. இல்லை, மெதுவான ரீங்காரம், மீன்பிடிப் படகின் சாதாரண ராடார், பதினொரு மைல் தள்ளி எவனோ ஏழை வலை போட்டுக்கொண்டிருக்கிறான். அவ்வளவுதான். உண்மையாகவே கிளியர். ஏழு நிமிடம் பத்து வினாடி. ஒன்றும் வரவில்லை, ஒன்றும் ஆகவில்லை, எவனுக்கும் தெரியாது. உள் தொலைபேசி கிர்ரென்றது. “மக்கா, நம்பிட்டாடே! சின்ன வயசில தேங்கா திருடி அடி வாங்குனத நானும் அவளும் மட்டுந்தாண்டே அறிவோம், அத சொன்னேன், ஏங்கி ஏங்கி அழுதா, எம்புள்ளதான்னு சொல்லிட்டா. காவலுக்கு நீ இருக்கேன்னும் சொன்னேன். தணிகைக்கும் சேத்து ஜெபம் பண்ணுகேன்னு சொன்னாடே.” அவன் நிறுத்தவில்லை. “இன்னைக்கு ஒரு நேரம் சோறு திம்பாளாம். நாளைக்கும் போன் வந்தாத்தான் மறுநேரம் திம்பேங்கா. கிறுக்கி. நாளைக்கும் ஒரு நாலு நிமிசம் கூட்டித் தந்திருவியா மக்கா?” பின்னாலேயே இன்னொரு குரல், அடுத்த ஆள், எஞ்சின் அறை வடநாட்டுப் பையாஜி, “பேசலாமா?” என்றது. என் வாய் ‘பேசு’ என்று சொல்லத் தயாராகிவிட்டது, உதடு குவிந்தேவிட்டது. அந்த உதட்டைப் பார்த்துத்தான் நான் பயந்தேன், ஏவுகணையைவிட. நாளைக்கு ஏழு, நாளை மறுநாள் ஒன்பது, எல்லோருக்கும் ஒரு அம்மா இருக்கிறாள், கேட்டால் நான் கொடுப்பேன், முட்டியால் மறைப்பேன், கிளியர் என்பேன். “இருங்க” என்றேன். தத்தா சாரிடம் சொன்னால் போனை அடைத்துவிடுவார்கள். கரைக்கு முப்பத்தொரு நாள். ஒரு வீட்டிலும் போன் அடிக்காது. சொல்லாவிட்டால் ஒன்றும் இல்லை, நடந்தது நடந்துபோயிற்று. நேர்மை, கடமை என்று எனக்கு ஒரு மண்ணும் தோன்றவில்லை, சத்தியமாக. எனக்குச் சாகப் பயம். புகைக்குள் சுவரைத் தடவிக்கொண்டு சாகப் பயம். அந்தப் பயத்தில்தான் ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பினேன்.

“சார், பத்து நாற்பத்து மூன்றில் நான் ஓப்பன் சொன்னது தப்பு. நாற்பத்தேழு வரைக்கும் ஷட்லதான் இருந்தது. கிளியர் சொன்னபோது எனக்கு ஒன்றும் கேட்கவில்லை சார்.” தத்தா சார் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. என் முகத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார், முக்காட்டை இழுத்துத் தலையில் மாட்டிக்கொண்டார், அப்போதுதான் அவருக்கும் பயம் என்று தெரிந்தது, என்னைவிட ஒரு பிடி அதிகம்தான், அவர்தானே கதவைத் திறக்கச் சொன்னவர். “இப்போது?” என்றார். “இப்போது ஓப்பன். ஒரு மீன்பிடிப் படகு மட்டும்.” அவர் உள் தொலைபேசியை எடுத்தார். ஒலிபெருக்கி ஊதியது, கதவுகளை மூடச் சொன்னது, கீழே சாப்பாட்டுத் தட்டுகள் விழுகிற சத்தம், கைப்பிடிகள் திரும்புகிற சத்தம். அதன் பிறகு கேப்டனே பேசினார், கரை சேரும்வரை செயற்கைக்கோள் போன் யாருக்கும் இல்லை, போன் அறை பூட்டப்படுகிறது. ட்யூட்டி முடிந்ததும் தன்னை வந்து பார்க்கும்படி எனக்குத் தனியாகச் சொல்லி அனுப்பினார். அதுவரை உட்கார் என்றார் தத்தா சார், உன்னை விட்டால் இப்போது ஆள் இல்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். மீன்பிடிப் படகு தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. உள் தொலைபேசி கிர்ரென்றது, சமையலறையிலிருந்து. “டே மக்கா, போன அடச்சிட்டானுவளே. எவம்டே போட்டுக் குடுத்தது?” “நான்தான் ரெக்ஸு” என்றேன். அந்தப் பக்கம் பெரிய பாத்திரம் ஒன்று கொதித்துக்கொண்டிருந்தது, யாரோ கரண்டி கேட்டார்கள். கெட்ட வார்த்தையில் திட்டுவான் என்று காத்திருந்தேன். “அப்பம் நாளைக்கு அவ எப்படிடே சோறு திம்பா?” என்று கேட்டான். கேட்டுவிட்டு அவன் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.